நாலாவது அச்சு

அந்தப் பட்டறையில் அவளுக்கென்று ஒரு முக்காலி இருந்தது. வேறு யாரும் அதில் உட்காரமாட்டார்கள். வருகிறவர்கள் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "எங்கக்காவுக்கு சிம்மாசனமே போட்டு வச்சிருக்காங்கப்பா" என்று கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள். இஷ்டப்பட்ட நேரத்தில் எழுந்து போக முடியாத இருக்கையைச் சிம்மாசனம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். சமையலறைக் கதவைத் திறந்தால் நேரே பட்டறைதான். தெருவுக்குப் போவதென்றால் அறுக்கிற மேஜை, பிளைவுட் அடுக்கு, பசை டப்பாக்கள், நடுவில் பாதி முடிந்த ஏதோ ஒரு படகு, இத்தனையையும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பினால்கூட, "அப்படியே ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடு" என்று ஒரு குரல் வரும். அந்த ஒரு பார்வையில் அரை நாள் காலியாகும். சர்க்கரை டப்பாவில் மரத்தூள், தலையணை உறையில் மரத்தூள். சமையலறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதுவும் பட்டறையைப் பார்த்துத்தான் திறக்கும்.

அவளை அந்த வட்டாரத்தில் நூலக்கா என்பார்கள். தச்சு வேலையில் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்குப் பெயர் நூல். ஒரு நூல் பிசகு அவள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். அரை நூல் என்றால் முகம் சுளிப்பாள். கால் நூல் என்றால் ஒன்றும் சொல்லமாட்டாள், ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

சின்ன மரப்படகைக் கவிழ்த்துப் போட்டுத்தான் கட்டுவார்கள். முதலில் தரையில் ஏணி மாதிரி நீளமான ஒரு சட்டம். அதன்மேல் வரிசையாக அச்சுகளை நிறுத்த வேண்டும். அச்சு என்றால், படகைக் குறுக்கே வெட்டினால் என்ன வடிவம் தெரியுமோ அந்த வடிவத்தில் அறுத்த பலகை. முனையில் சின்னது, நடுவில் பெரியது, மறுமுனையில் மறுபடி சின்னது. ஒவ்வொன்றின் காலையும் சட்டத்தில் ஒரு கட்டையோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்கள். பிறகு இந்த வரிசையின்மேல் பலகைகளை வளைத்துப் பொருத்தி, எல்லாம் ஒட்டிக் காய்ந்ததும் படகைத் தூக்கினால் அது வெளியே வந்துவிடும், அச்சுகள் சட்டத்தின்மேலேயே நிற்கும். படகு அச்சின் பிள்ளை. அச்சு ஒன்று கோணினால் பிள்ளையும் கோணல்தான். நேரே துடுப்புப் போடுகிற ஆளைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும்.

நேராக நிறுத்த உபாயம் இல்லாமல் இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தூண்டில் நரம்பை விறைப்பாகக் கட்டுவார்கள். ஒவ்வொரு அச்சின் நடுக்கோடும் அந்த நரம்புக்கு நேர் கீழே வருகிறதா என்று தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். ரசமட்டம், மூலைமட்டம் எல்லாம் உண்டு. ஆனால் இந்த நரம்பு இருக்கிறதே, அது நல்லவன் மாதிரி நடிக்கும். ஏதாவது ஒரு அச்சின் ஓரம் அதை லேசாக முட்டித் தள்ளியிருக்கும். தள்ளப்பட்ட நரம்பு அப்போதும் விறைப்பாகத்தான் நிற்கும். அதை நம்பி நிறுத்திய மற்ற அச்செல்லாம் அந்தத் தப்பின் பின்னாலேயே ஒழுங்காக அணிவகுக்கும். கருவிகள் எல்லாம் சரி என்று சொல்ல, மொத்தமும் தப்பாக இருக்கும். அந்த இடத்தில்தான் நூலக்கா தேவைப்பட்டாள். முக்காலியைக் கோடியில் போட்டு உட்கார்ந்து, இடது கண்ணை மூடி, அச்சுகளின் ஓரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எட்டிப் பார்ப்பதைப் பார்ப்பாள். இந்தப் பக்கம் எவ்வளவு தெரிகிறதோ அந்தப் பக்கமும் அவ்வளவு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எந்த அச்சு, எந்தப் பக்கம், எத்தனை நூல் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள்.

இதை அவள் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் காபி கொடுக்கப் பட்டறைக்குள் வந்தவள், "அந்த ரெண்டாவது பலகை சாஞ்சிருக்கே" என்று சும்மா இருக்காமல் சொல்லிவைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அளந்து பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போயிருந்தால் அவள் கதையே வேறு. பாராட்டு என்று நினைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தவள்தான்.

அவள் புருஷனைப் படகுக்காரர் என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். குடி கிடையாது, கோபம் கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை கிடையாது. அவள் களைத்துப்போய் வந்தால் பாத்திரத்தைக் கழுவி வைத்திருப்பார். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதர். அப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அதிலுள்ள கஷ்டம். யாரிடம் போய் என்னவென்று சொல்லி அழுவது? அவர் அவளை இரு என்றும் சொன்னதில்லை, போகாதே என்றும் சொன்னதில்லை. போக முடியாமல் மட்டும் போய்விடும்.

தங்கை வேறு ஊரில் தையல் கடை திறந்தபோது, துணி வெட்ட ஒரு நல்ல கண் வேண்டும், வந்துவிடு என்று கூப்பிட்டாள். கிளம்புகிற அன்று காலை பார்த்தால் மூன்றாவது அச்சு நகர்ந்திருந்தது. "மரம்தானே, ராத்திரி ஈரத்துல அசைஞ்சிருக்கும்" என்றார் படகுக்காரர். அவள் பையைக் கீழே வைத்தாள். ஒன்றைத் திருப்பினால் பக்கத்தில் உள்ளதையும் திருப்ப வேண்டும். அதைச் சரிசெய்து பலகை ஏற்றுவதற்குள் அடுத்த படகுக்கு ஆள் வந்துவிட்டது. தங்கை வேறொருத்தியை வேலைக்கு வைத்துக்கொண்டாள். பிறகு, கட்டிக்கொடுத்த மகள் புது வீட்டுக்குக் குடிபோனபோது, "ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போம்மா" என்று கெஞ்சினாள். அன்றைக்கும் ஒரு அச்சு அசைந்திருந்தது.

இரண்டுக்கும் நடுவில் அவள் அம்மா படுத்தாள். காலையில் போன் வந்தது. புடவையை மாற்றிக்கொண்டு பட்டறைக்குள் வந்தவள் போகிற போக்கில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பழக்கதோஷம். ஐந்தாவது அச்சு இடப்பக்கம் போயிருந்தது. மறுநாள் படகைப் பார்க்க ஆள் வருகிறார், அதற்குள் பலகை ஏற்றியாக வேண்டும். சரிசெய்துகொடுத்துவிட்டு மறுநாள் விடிந்ததும் போனாள். அவள் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. அம்மா முந்தின இரவு வரைக்கும் இருந்திருக்கிறாள். வாசலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தாளாம். காலையிலேயே கிளம்பியிருந்தால் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்திருப்பாள். அந்தக் கணக்கை அவள் போடாத நாள் இல்லை. தன் கண்ணையும் அந்த மரத்தையும் திட்டாத நாளும் இல்லை.

இப்போது தங்கை மறுபடி கூப்பிட்டாள். கடை பெரிதாகிவிட்டது, மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது, தெருவைப் பார்த்து ஜன்னல் இருக்கிறது என்றாள். "இந்தத் தடவையும் வரலைன்னா இனிமே நான் கேக்கமாட்டேன்கா. எனக்கும் ரோஷம் இருக்கு." நூலக்கா வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். இதுவும் கைநழுவினால் இனி இந்த முக்காலியிலேயே காலம் முடியும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதனால் இந்த முறை ஒரு காரியம் செய்தாள். ஏரியில் வாடகைக்கு விடுகிற, ஒரே ஆள் உட்காரும் சின்னப் படகு அது. மொத்தம் ஏழு அச்சு. முந்தின நாள் சாயங்காலம் ஏழையும் நிறுத்தி, பார்த்து, முடுக்கி முடித்தாயிற்று. படகுக்காரர் குளிக்கப் போனதும் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு அச்சின் காலும் கட்டையும் சேருகிற இடத்தில், இரண்டின்மேலும் ஓடுகிற மாதிரி பொடிசாக ஒரு கோடு இழுத்தாள். பட்டறையில் அண்ணனோடு வேலை பார்க்கிற கொழுந்தன் கூட நின்றான், அவனிடம் விளக்கினாள்.

"ராத்திரி எது அசைஞ்சாலும் கோடு ரெண்டா ஒடைஞ்சு தெரியும். கோட்டோட கோடு சேத்து வச்சா பழைய இடத்துக்கு வந்துடும். என்னைத் தேட வேண்டாம்."

"இத்தனை வருஷமா இது தோணலையே அண்ணி" என்றான் அவன்.

"தோணியிருந்தா நான் எதுக்கு இங்க இருக்கேன்."

காலையில் அவள் குளித்துச் சாப்பிட்டு, பையோடு பட்டறைக்குள் வந்தாள். படகுக்காரர் இழைப்புளியின் தகட்டைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: "கிளம்பிட்டியா? அப்படியே ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடு."

பார்க்காமல் போயிருக்கலாம். நாமாக இருந்தால் போயிருப்போம். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இடது கண்ணை மூடினாள். நாலாவது அச்சு வலப்பக்கம் ஒரு நூல் தள்ளியிருந்தது.

தங்கையின் குரல், மாடி அறை, ஜன்னல் எல்லாம் ஒரு நொடியில் தூரமாகிப்போயின. அழுகை வந்தது. பட்டறை இவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் கவனித்தாள்.

"என்னம்மா?" என்றார் படகுக்காரர்.

அவள் எழுந்து போய் நாலாவது அச்சின் காலடியில் குனிந்தாள். பென்சில் கோடு உடைந்திருந்தது. சேர்த்து வைக்கலாம் என்று ஸ்க்ரூவைத் தேடினாள். அப்போதுதான் ஸ்க்ரூவின் தலை பளபளப்பது கண்ணில் பட்டது. நேற்றுப் போட்ட ஸ்க்ரூ பழசு, தலை மங்கியது. இது புதுசு. அதுவும் நேற்று இருந்த இடத்தில் அது இல்லை, ஒரு விரல் அகலம் மேலே இருந்தது. ஒரு நூல் தள்ளி அதே துளைக்குப் பக்கத்தில் போட்டால் ஸ்க்ரூ பிடிக்காது. தொழில் தெரிந்தவன் கொஞ்சம் மேலேயோ கீழேயோ புதுத் துளை போடுவான். பழைய துளை எங்கே என்று கட்டைவிரலால் தடவினாள். மரத்தூளும் பசையும் குழைத்து நேர்த்தியாக அடைத்திருந்தது. நகத்தை வைத்து அழுத்தினாள். பசை இன்னும் முழுதாகக் காயவில்லை.

ஈரத்தில் மரம் அசையும். துளையை அடைக்காது.

அவள் எழுந்து, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பழைய அச்சுகளிடம் போனாள். கட்டி முடித்த படகின் அச்சைத் தூக்கிப் போடமாட்டார்கள். அதே படகை மறுபடி யாராவது கேட்டால் உதவும் என்று கட்டுக்கட்டாக அடுக்கி வைப்பார்கள். தங்கை கடை திறந்த வருஷத்துக் கட்டைப் பிரித்து மூன்றாவது அச்சை எடுத்தாள். மரம் தானாக அசைந்து, அதைச் சரிசெய்திருந்தால், அடைத்த துளை ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன. நேராக வைத்தபோது போட்டது ஒன்று, கோணலாக்கப் போட்டது ஒன்று. கடைசியில் நேராக்கப் போட்ட மூன்றாவது மட்டும் அடைக்காமல் திறந்திருந்தது. மகள் கூப்பிட்ட வருஷத்துக் கட்டைப் பிரித்தாள். அதிலும் ஒரு அச்சில் இரண்டு. சரிசெய்யும்போதெல்லாம் அவள் கோடியில் முக்காலியில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம், போதும்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஸ்க்ரூ போடுவது, துளை அடைப்பது எல்லாம் அவர் வேலை. பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஏன் தோன்றப்போகிறது?

சாணைக்கல்லின் சத்தம் நின்றிருந்தது.

அவள் இன்னொரு கட்டைத் தேடினாள். அம்மா படுத்திருந்தபோது கட்டியது, தூண்டில் போடுகிறவர்களுக்கான தட்டைப் படகு. சுவரோரம் முழுக்கத் தேடியும் அது இல்லை.

"என்ன அண்ணி தேடறீங்க?" என்று கேட்டுக்கொண்டே கொழுந்தன் உள்ளே வந்தான்.

"அந்தத் தட்டைப் படகு அச்சு எங்க?"

"அது எப்பவோ போயிடுச்சே. அண்ணன் உடைச்சு பசை டப்பா வைக்கிற தட்டுக்கு அடிச்சிட்டாரு."

"எப்ப?"

அவன் யோசித்தான். "உங்கம்மா தவறினப்ப நீங்க ஊருக்குப் போயிருந்தீங்கள்ல, நீங்க திரும்பி வர்றதுக்குள்ள. ஏன் அண்ணி, வேணுமா?"

"வேண்டாம். நீ போய் எனக்கு ஒரு ஆட்டோ கூட்டிட்டு வா."

அவன் போனதும் அவள் படகுக்காரருக்கு எதிரே வந்து நின்றாள். அவர் தகட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது துடைத்துத் துடைத்துச் சுத்தமாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

"நாலாவதை நீங்கதான் தள்ளினீங்க."

அவர் தகட்டைக் கீழே வைத்தார்.

"ஏங்க?"

"நீ போயிட்டா எனக்கு எது நேர், எது கோணல்னு தெரியாது. நரம்பு கட்டறேன், குண்டு தொங்கவிடறேன். எல்லாம் சரின்னுதான் காட்டுது. நீ சொன்னாத்தான் எனக்கு நெஞ்சு ஆறுது."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? இருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டு, நீ மாட்டேன்னுட்டா?"

இவ்வளவு வருஷத்தில் அவர் பேசிய மிக நேர்மையான வார்த்தை அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பாள். பட்டறையில் வீசக்கூடிய பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கேட்க இன்னும் இருந்தது.

"தங்கச்சி கடை திறந்தப்ப?"

அவர் தலையை ஆட்டினார்.

"பொண்ணு கூப்பிட்டப்ப?"

அதற்கும் ஆட்டினார்.

அடுத்ததைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. கேட்காமல் போனால் அதைவிடப் பயம்.

"எங்கம்மா படுத்திருந்தப்ப?"

அவர் வெடுக்கென்று நிமிர்ந்தார். "அது நான் இல்ல. அது மட்டும் நான் இல்ல. சத்தியமா மரம்தான் அசைஞ்சுது."

"அப்ப அந்த அச்சை ஏன் உடைச்சீங்க?"

"அந்தப் படகை மறுபடி யாரும் கேக்கல. அதான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கண்கள் கலங்கியிருந்தன. வெட்கத்தில் கலங்கியிருக்கலாம், மாட்டிக்கொண்டதில் கலங்கியிருக்கலாம், செய்யாத பழி விழுந்ததில் கலங்கியிருக்கலாம். எத்தனையோ படகுகளுக்கு இடம் வலம் சொன்ன கண்தான். அந்த முகத்தில் அதற்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவரை நம்பிவிட வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்த ஆசையே அவளுக்கு அருவருப்பாகவும் இருந்தது.

வெளியே ஆட்டோ சத்தம் கேட்டது. அவள் பையைத் தேடினாள். அதற்குள் அவரே அதை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மழையானாலும் வெயிலானாலும் பெண்டாட்டியைச் சுமை தூக்கவிடாத மனிதர் அவர். பையை ஆட்டோவுக்குள் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்ப வருவ?"

"தெரியல. அச்சு ஏழுலயும் கோடு போட்டிருக்கேன், தம்பிக்குத் தெரியும். நாலாவதை நீங்களே திருப்பி வச்சுக்குங்க. எவ்வளவு தள்ளினோம்னு உங்களுக்குத் தெரியாதா என்ன?"

அவர் கம்பியை விட்டார்.

இப்போது அவள் தங்கை கடையில்தான் இருக்கிறாள். துணி வெட்டுகிறாள். மாடி அறையில் தங்கியிருக்கிறாள். ஜன்னல் தங்கை சொன்னபடியே தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. கீழே பஸ்களும் பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள். வேலை முடிந்ததும் கத்தரியை மாட்டிவிட்டுப் படியேறிவிடலாம், யாரும் கூப்பிடமாட்டார்கள். இதைத்தான் அவள் இவ்வளவு காலம் கேட்டாள். ஆனாலும் படுத்தால் அவளுக்கு அந்த ஐந்தாவது அச்சு வந்துவிடுகிறது. அவர் தள்ளியிருந்தால், அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே போனது அவர் கையால். மரமாக இருந்தால், போகிற போக்கில் அவள் மூடின கண்ணால். இரண்டில் எது என்று தெரிந்தால்கூட ஒரு பக்கமாக அழுது தீர்த்துவிடலாம்.

படகுக்காரர் வாரம் தவறாமல் போன் செய்கிறார். கோடு போட்டு வைக்கிற முறையைப் பிடித்துக்கொண்டுவிட்டதாகவும், கடைசியாகப் போன இரண்டு படகும் நேராகவே ஓடுவதாகவும் சொன்னார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். அவளும் பதிலுக்குக் கேட்கிறாள். போனை வைப்பதற்கு முன்னால் ஐந்தாவது அச்சைப் பற்றிய அந்தக் கேள்வி அவள் நாக்கு நுனி வரை வரும், கேட்கமாட்டாள். அது நான் இல்லை என்றுதான் அவர் சொல்வார். தள்ளியிருந்தாலும் அதைத்தான் சொல்வார், தள்ளாமல் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்வார்.